ஜன்னல் நாடகத்துக்கு ஒரு விமர்சனம்

நாடகக்காரர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘மூணாவது வரிசை’. முதல் வரிசையில் உட்கார்ந்தால் நடிகரின் செருப்புதான் கண்ணுக்கு நேரே நிற்கும். பத்தாவதில் உட்கார்ந்தால் முகபாவம் தெரியாது. மூன்றாவதில் இரண்டும் தெரியும். கூடவே, வசனம் மறந்தவருக்கு ஓரத்திலிருந்து எடுத்துக்கொடுப்பவரின் கிசுகிசுப்பும் கேட்கும். அங்கே உட்கார்ந்துதான் வெள்ளிக்கிழமைதோறும் பத்திரிகைக்கு நாடக விமர்சனம் எழுதிவந்தாள்.

தொற்றுநோய் வந்து அரங்குகளை மூடினார்கள். கொஞ்ச நாள் பழைய நாடகங்களைப் பற்றி எழுதி ஒப்பேற்றினாள். பிறகு ஆசிரியர் போன் செய்தார்.

“ஏம்மா, மேடையே இல்லாதப்ப விமர்சனம் எதுக்குன்னு கேக்குறாங்க. இந்த வெள்ளிக்கிழமை புதுசா ஒரு நாடகத்தைப் பத்தி எழுது. இல்லேன்னா அந்த இடத்துல குறுக்கெழுத்துப் போட்டி போட்டுடுவேன்.”

“அடுப்பே எரியல, உப்பு சரியா இருக்கான்னு கேக்குறீங்களே சார்!”

“அது உன் பாடு.”

அவள் இருந்த கட்டடத்தின் நடுவே, காற்றுக்காக மேலிருந்து கீழ்வரை கிணறுபோல ஒரு வெளி விட்டிருந்தார்கள். எல்லாச் சமையலறை ஜன்னல்களும் அதைப் பார்த்தே திறக்கும். வழவழப்பான சுவர் சத்தத்தை விழுங்காது. எதிர்ச்சுவருக்குத் தட்டிவிடும், அது திருப்பித் தட்டும், இப்படியே சத்தம் மேலே ஏறிவிடும். கீழ்வீட்டில் கரண்டி விழுந்தால் மேல்வீட்டில் குனிந்து தேடுவார்கள். கொடியில் துணி காயும்போது மட்டும் ஒலி கொஞ்சம் மங்கும், ஏனென்றால் துணி சத்தத்தைக் குடித்துவிடும். அரங்குகளில் கனமான திரை தொங்குவதில் அந்த உபயோகமும் உண்டு.

அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கீழே புதிதாகக் குடிவந்திருந்த கணவன் மனைவியின் குரல் ஏறி வந்தது.

“ஜன்னலைத் திற. காத்து வரட்டும்!”

“காத்து மட்டுமா வருது? ஊர்த் தூசியெல்லாம் வருது. துடைக்கிறது யாரு, நீங்களா?”

“உங்கப்பா வீட்ல ஜன்னலே கிடையாதா?”

“இருந்துச்சு. அது வழியாத்தான் உங்களைப் பாத்தேன். அன்னிக்கே சாத்தியிருக்கணும்!”

குழாயை மூடிவிட்டுக் கேட்டாள். மறுநாளும் அதே நேரம், அதே வரிகள், அதே ‘சாத்தியிருக்கணும்’. அதற்கடுத்த நாளும் அப்படியே. எந்த வீட்டில் சொல் மாறாமல் சண்டை போடுவார்கள்? யாரோ இரண்டு நடிகர்கள் இந்தக் கிணற்றையே அரங்கமாக்கிவிட்டார்கள்! சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கீழே போய் விசாரித்திருக்கலாம். ஆனால் எழுதி முடிக்கும்வரை நடிகரிடம் பேசக் கூடாது என்பது அவள் தொழிலில் வைத்திருந்த கட்டுப்பாடு. பேசிப் பழகிவிட்டால் பேனா வளைந்துவிடும். அதனால் கேட்டதை மட்டும் வைத்து எழுதினாள், அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுக் கணவர் முகக்கவசத்தோடும் மனைவி கையில் பத்திரிகையோடும் நின்றார்கள்.

“அக்கா, ‘ஜன்னல்’னு ஒரு நாடகத்தைப் பத்தி எழுதியிருக்கீங்களே, அது எங்க வீட்டுச் சண்டை!”

“நீங்க... நடிகருங்க இல்லையா?”

“நான் மூக்குக்கண்ணாடி விக்கிறேங்க” என்றார் கணவர்.

“ஆனா தினமும் ஒரே வசனம் வந்துச்சே?”

“அதுக்குப் பேருதான் கல்யாணம்!” என்றாள் மனைவி.

சண்டைக்கும் நாடகத்துக்கும் வித்தியாசம் தெரியாத விமர்சகிக்கு எந்தப் பத்திரிகை இடம் கொடுக்கும்? மூணாவது வரிசை மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் கணவர் தொண்டையைக் கனைத்தார்.

“அது கெடக்கட்டும். ‘கணவராக வருபவர் எடுத்த எடுப்பிலேயே உச்சத்துக்குப் போய்விடுகிறார்’னு போட்டிருக்கீங்க. அப்படியா கத்துறேன்?”

“பின்ன? எனக்கு ‘அபாரமான நிதானம்’னு போட்டிருக்காங்க, நல்லாப் படிங்க. நான் சொன்னப்ப கேட்டீங்களா?”

விமர்சகிக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. “ஒண்ணு சொல்லட்டுங்களா? முதல் வரியிலயே குரல் மொட்டை மாடிக்குப் போயிட்டா அப்புறம் ஏற எடம் ஏது? ‘திற’ங்கிறதைக் கீழ்ப்படியில நின்னு சொல்லுங்க. அவங்க பதில் சொன்னதும் பாயாதீங்க, ஒரு மூச்சு விடுங்க. கேக்குறவங்க அந்த இடைவெளியிலதான் உங்க பக்கம் சாய்வாங்க.”

கணவர் அங்கேயே நின்று, தணிந்த குரலில் சொல்லிப் பார்த்தார். “ஜன்னலைத் திற... காத்து வரட்டும்.”

மனைவி வழக்கமான வரியைத் தேடினாள். அந்தக் குரலுக்கு அது ஒட்டவில்லை. “சரிங்க, திறக்கிறேன்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அடிப்பாவி, கெடுத்துட்டியே! நாடகமே முடிஞ்சுபோச்சு!”

இருவரும் சிரித்துக்கொண்டே படியிறங்கினார்கள். அவளோ நேராகப் போனை எடுத்தாள்.

“சார், அது நாடகம் இல்ல. நிஜச் சண்டை. தப்பு என்னுதுதான். திருத்தம் போட்டுட்டு, அந்த எடத்தைக் குறுக்கெழுத்துக்கே குடுத்துடுங்க.”

மறுமுனையில் ஆசிரியர் இருமும் அளவுக்குச் சிரித்தார். “விடிஞ்சதிலேருந்து போன் ஓயலம்மா. ‘இந்த நாடகம் எங்க வீட்லயும் ஓடுது, யாரு நல்லாப் பேசுறாங்கன்னு அந்தம்மாவைப் போன்லயாவது கேட்டுச் சொல்லச் சொல்லுங்க’ன்னு ஒரே நச்சரிப்பு. திருத்தத்தை நீயே எழுது, பத்தி முழுக்க எழுது. அடுத்த வாரத்துக்கு வேற வீடு பாத்துக்க.”

“எந்த வீடு சார்?”

ஆசிரியர் குரலைத் தாழ்த்தினார். “எங்க வீடுதான். போனை அப்படியே மேஜை மேல வெச்சுடறேன். டி.வி. ரிமோட் சமாச்சாரம். நியாயம் என் பக்கம்தான்னு உனக்கே...”

“யாருகிட்ட என்ன அளந்துக்கிட்டிருக்கீங்க?” என்று பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

சரியான இடத்தில் நுழைவு. மூணாவது வரிசை பேனா மூடியைக் கழற்றினாள்.