மால்டா நம்பருக்கு முன்னால் இருபத்தொன்று

சண்முகவேல் தன் காலண்டர் அட்டைகளை வாங்கத்தான் தங்கச்சாமியின் லேமினேஷன் கடைக்குப் போனார். சிவகாசியில் சின்ன அச்சகக்காரர்கள் பாதிப்பேர் அட்டைக்குப் பளபளப்பு ஒட்ட அங்கேதான் வருவார்கள்.

"வாங்க அண்ணாச்சி. ஒங்க ஃபாரின் டைரி அட்டையும் முடிஞ்சிருச்சு. சாயங்காலம் வேன் அனுப்புதேன்னு ஒங்க மச்சினன் சொன்னாரு. கையோட எடுத்துட்டுப் போறீகளா?"

"எந்த ஃபாரின் டைரி?"

"வருஷா வருஷம் போடுவீகள்ல, சிலுவை போட்ட டைரி. சொந்த வேலையவே மறந்துட்டீகளாக்கும்!" தங்கச்சாமி சிரித்துக்கொண்டே ஒரு அட்டையை எடுத்து நீட்டினார்.

அது மால்டா டைரிதான். மால்டா என்பது கடலுக்கு நடுவே இருக்கும் நாடு. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு மூலையில் அடங்கிவிடும். அங்கே பேனா நோட்டுக்கடை வைத்திருக்கும் கார்மெலோ என்ற பெரியவர் எட்டு வருஷமாகச் சித்திரை பிறந்ததும் ஃபேக்ஸ் அனுப்புவார். அந்த ஆர்டர் ஒன்றே சண்முகவேலின் மெஷினை மூன்று மாதம் நிறுத்தாமல் ஓட்டும்.

இந்த 2003-ல் ஃபேக்ஸ் வரவில்லை. போன் போட்டால் ஏதோ ஒரு பெண் குரல் புரியாத பாஷையில் பேசி, பிறகு இங்கிலீஷில் கடகடவென்று சொல்லிவிட்டுப் போனது. சண்முகவேலுக்கு இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். காதில் விழுந்தால் நிற்காது. கடிதம், ஃபேக்ஸ் எல்லாம் மச்சினன் ஸ்ரீராம்குமார் பொறுப்பு. அவனைக் கூப்பிட்டு, "என்ன சொல்லுதான்னு கேளுலே" என்று ரிசீவரைக் கொடுத்தார்.

அவன் முழுசாகக் கேட்டான். இன்னொரு தடவையும் போட்டுக் கேட்டான். "லைனையே எடுத்துட்டாகளாம் அத்தான். கடைய மூடிட்டாரு போல" என்றான். அன்றைக்கு அவனே டீ வாங்கிவரச் சொல்லி, அத்தான் குடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தான்.

மால்டா இல்லாமல் மெஷின் எதற்கு என்று அதை விற்கப் பேசியாகிவிட்டது. இன்று நாலு மணிக்கு லாரி வருகிறது.

சண்முகவேல் அட்டையைத் திருப்பினார். பின்பக்கம் அதே கடை, அதே தெரு. போன் நம்பரும் அவர் விரலுக்கு மனப்பாடமான அதே ஆறு எண்தான். ஆனால் அதற்கு முன்னால் புதிதாக ஒரு இருபத்தொன்று நின்றது.

சிவகாசி போன் நம்பர்களுக்கு முன்னால் ரெண்டு என்ற எண்ணைச் சேர்த்தபோது ஊர்க்கடைகளுக்கெல்லாம் புது பில் புக் அடித்துக் கொடுத்தவர் அவர். வெளிநாட்டிலும் அப்படி மாற்றுவார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவர்கள் முதலிலேயே சரியாகப் போட்டிருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தார்.

அச்சகத்துக்கு வந்து இருபத்தொன்றைச் சேர்த்துப் போட்டார். இரண்டாவது மணியிலேயே கார்மெலோ எடுத்தார்.

"சண்முகவேல். சிவகாசி."

பெயரை இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். பிறகு பெரியவர் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திப் பேசினார். அப்படிப் பேசியதால் சண்முகவேலுக்கு எல்லாம் புரிந்தது. சித்திரையில் ஃபேக்ஸ் அனுப்பினாராம். சண்முகவேல் மாரடைப்பில் இறந்துவிட்டார், இனி வேலையைத் தன் புதுக் கம்பெனி செய்யும் என்று ஸ்ரீராம்குமார் கையெழுத்தோடு பதில் வந்ததாம். மாதா கோயிலில் சண்முகவேல் பெயருக்குப் பூசை வைத்தாராம். இந்த வருஷ வேலையைக் கொடுத்தாயிற்று, மன்னிக்க வேண்டும் என்றார்.

நாலு மணிக்கு லாரி வந்தது. லோடுமேன்களோடு ஸ்ரீராம்குமாரும் இறங்கினான்.

"அத்தான், மெஷினுக்குக் கரண்ட எடுத்துட்டீகளா?"

"ராம்குமாரு, அந்தப் பொம்பள என்னலே சொன்னா?"

"எந்தப் பொம்பள?"

"மால்டாவுல பேசுனவ."

"மொதலாளிக்கு மால்டாவுலயும் ஆளு இருக்கா!" என்றான் ஒரு லோடுமேன். மற்றவர்கள் சிரித்தார்கள். ஸ்ரீராம்குமார் சிரிக்கவில்லை.

"முன்னால இருபத்தொண்ணு போடச் சொன்னா" என்றான் தரையைப் பார்த்து. "ஒங்களுக்கு ஈமெயில் தெரியாது, பேச வராது. இன்னும் ரெண்டு வருஷத்துல அவரே வேற ஆளப் பாத்திருப்பாரு. இப்ப ஆர்டர் நம்ம குடும்பத்துக்குள்ளதான இருக்கு அத்தான்?"

"அதுக்கு என்னயக் கொல்லணுமாலே?"

சண்முகவேல் லோடுமேன்கள் பக்கம் திரும்பினார். "மெஷின் குடுக்கல. வண்டியத் திருப்புங்கப்பா."

ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தார். மனைவி லட்சுமிகாந்தத்திடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் வழியெல்லாம் யோசனை. கூடப் பிறந்தவன் செய்த காரியத்தைக் கேட்டால் அவள் தாங்கமாட்டாள்.

காபியோடு வந்தவள், "மெஷின் போயிருச்சா?" என்றாள்.

"போகல. ஒந்தம்பி மால்டாவுக்கு எழுதுன லெட்டர் வெளிய வந்துருச்சு."

அவள் டம்ளரை மெல்லக் கீழே வைத்தாள்.

"செத்துட்டாருன்னு எழுதாதலே, ஒடம்புக்கு முடியலன்னு எழுதுன்னு அம்புட்டுச் சொன்னேன். பாவிப்பய கேக்கல."

"ஒனக்கும் தெரியுமா?" என்றார் சண்முகவேல்.

"சாத்தூர்ல அவனுக்குப் பொண்ணு பேசுதாக. சொந்தக் கம்பெனி இருக்கான்னு கேட்டாக. நமக்குப் பொம்பளப்பிள்ள ஒண்ணு, அதையும் கெட்டிக் குடுத்தாச்சு. அவனாவது தலையெடுக்கட்டும்னு நெனச்சேன்."

"எப்ப சொன்ன அவன்ட்ட?"

"சித்திரையில."

சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி. போன வெள்ளிக்கிழமைதான் இருவரும் இருக்கன்குடி கோயிலுக்குப் போய் வந்தார்கள். கூட்டத்தில் இடிபட்டு, புருஷன் ஆயுசுக்கென்று அவள் மாவிளக்கு எடுத்தாள்.

"அப்ப அந்த மாவிளக்கு?"

"அது நெசமாத்தாங்க எடுத்தேன்" என்று சொல்லி, அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

சண்முகவேல் காபியைத் தொடவில்லை. கொடியில் கிடந்த வேட்டியையும் துண்டையும் எடுத்து மடித்து, ஒரு பைக்குள் வைத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனார்.