பீரோவுக்குப் பின்னால் இருந்த சரித்திரம்

சித்தி வீட்டு மாடி ஜன்னல் அடைபட்டதற்குக் காரணம் ஒரு மரப் பீரோ. சித்தப்பா அதை ஏலத்தில் எடுத்தபோது சுவரை அளந்தார், பீரோவை அளந்தார், நடுவில் ஒரு ஜன்னல் இருப்பதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. நாலு பேர் மூச்சு வாங்க மாடிக்கு ஏற்றிய பிறகுதான் அது நிற்க அறையில் ஒரே ஒரு இடம் உண்டு, அந்த இடம் ஜன்னல் என்று தெரிந்தது. திருப்பிக் கொடுத்தால் தெரு சிரிக்கும். அப்படியே வைத்தால் சாரல் அடித்துப் பீரோவின் முதுகு நனையும். கொத்தனாரைக் கூப்பிட்டு ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். அன்றிலிருந்து பன்னிரண்டு வருஷமாகச் சித்தி பட்டப்பகலில் பல்பைப் போட்டுக்கொண்டுதான் தையல் மிஷின் மிதிக்கிறாள்.

இதெல்லாம் குடைக்காரிக்கு நன்றாகத் தெரியும். அவள் சித்தியின் அக்கா மகள், அந்த வீட்டிலேயே வளர்ந்தவள். பழைய நகரத்தை நடந்தே சுற்றிக்காட்டும் வழிகாட்டி. கூட்டம் தன்னைத் தவறவிடக் கூடாது என்று வெயிலிலும் மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்து நடப்பாள். அதனால் தெரு வைத்த பெயர்தான் குடைக்காரி.

தெரிந்தேதான் அவள் அந்தப் பொய்யைச் சொன்னாள். ஒவ்வொரு நடையும் தொண்ணூறு நிமிஷம் இருக்க வேண்டும், குறைந்தால் வழிகாட்டியின் பேட்ஜ் பறிபோகும் என்பது புராதனப் பாதுகாப்பு அலுவலகத்தின் விதி. அதே அலுவலகம்தான் ஒரு நாள் திடீரென்று மணிக்கூண்டை மராமத்துக்கு என்று பூட்டிவிட்டது. பதினொரு நிமிஷம் துண்டு விழுந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் சித்தி வீட்டுக்குக் கீழே அவள் நின்றபோது கூட்டத்தில் ஒரு அம்மாள் அண்ணாந்து பார்த்து, "அந்த ஜன்னலை ஏன் அடைச்சிருக்காங்க?" என்று கேட்டாள்.

குடைக்காரி எதிர்ப்பக்கம் திரும்பினாள். அங்கே இருந்தது அந்த அலுவலகமேதான். அதைப் பார்த்ததும் மணிக்கூண்டின் பூட்டு ஞாபகம் வந்தது, வாய் தானாகத் திறந்தது.

"இந்த ஊரோட முதல் வரைபடம் வரைஞ்சவர் இங்கதான் இருந்தார். எல்லாத்தையும் வரைஞ்சவர் எதிர்க் கட்டடத்தை மட்டும் மறந்துட்டார். திருத்துங்கன்னு சொன்னாங்க. அவர் வரைபடத்தைத் திருத்தல, ஜன்னலை அடைச்சிட்டார். சாகுற வரைக்கும் எதிர்ல காலி இடம்னுதான் சொல்லிட்டிருந்தாராம்."

பதினொரு நிமிஷம் போனதே தெரியவில்லை. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுமாதமே மற்ற வழிகாட்டிகளும் அங்கே கூட்டத்தை நிறுத்த ஆரம்பித்தார்கள். அதில் ஒருத்தர் கதையில் வரைபடக்காரருக்கு ஒரு கிளியையும் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

இந்த வருஷம் பீரோவைக் கரையான் அரித்துவிட்டது. ஒரு நாள் காலையில் சித்தப்பா சட்டை எடுக்கப் போனபோது கதவு கையோடு வந்தது. சித்தி அந்தக் கதவை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தாள். தானே போய்க் கொத்தனாரிடம் திங்கட்கிழமை வந்து ஜன்னலைத் திறந்துவிடச் சொல்லிவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை வாசற்கதவில் எதிர் அலுவலகத்தின் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வரைபடக்காரரின் ஜன்னல் பாதுகாக்கப்பட்ட சின்னம். ஒரு கல்லைப் பெயர்த்தாலும் குற்றம்.

சித்தி அதைப் பல்பு வெளிச்சத்தில் இரண்டு தடவை படித்தாள். "யாருடி இந்த வரைபடக்காரர்?"

குடைக்காரி சொன்னாள்.

"அப்போ என் வீட்டுல ஒருத்தர் குடியிருந்து, செத்தும் போயிருக்கார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லல." சித்தி நோட்டீஸை மடித்து நீட்டினாள். "சொன்ன வாயாலேயே போய் இல்லைன்னு சொல்லிட்டு வா."

"பேட்ஜ் போயிடும் சித்தி."

"எனக்குக் கண்ணு போயிட்டிருக்கு."

மூலையில் சித்தப்பா பேப்பரை இறக்கினார். "யோசிச்சுப் பாத்தா அந்த மனுஷன் செஞ்சதுல ஒரு நியாயம் இருக்கு."

"நீங்க பேசாதீங்க," என்றாள் சித்தி.

சனிக்கிழமை குடைக்காரி தெருவைத் தாண்டி எதிர் அலுவலகத்துக்குப் போனாள். பேட்ஜைக் கழற்றி அதிகாரியின் மேசையில் வைத்தாள்.

"நான் சொன்னது பொய் சார். அப்படி ஒருத்தர் இருந்ததே இல்ல."

அதிகாரி பேட்ஜைத் தொடவில்லை. "நீங்க பொய் சொல்றவங்களாம்மா?"

"அன்னிக்குச் சொன்னேன் சார்."

"அப்போ இன்னிக்குச் சொல்றதை எப்படி நம்புறது?" அவர் ஒரு கோப்பைத் திறந்தார். "சுத்திப் பாக்க வந்தவங்க எழுதின இருபத்தெட்டுக் கடிதம். வேற வேற ஊரு, வேற வேற கையெழுத்து. எல்லாத்துலயும் ஒரே விவரம்."

"எல்லாருக்கும் நான்தான் சார் சொன்னேன்."

"கிளியையுமா?"

"கிளி நான் சொல்லல சார்."

"அப்போ கிளிக்குத் தனி ஆதாரம் இருக்கு," என்று அவர் குறித்துக்கொண்டார்.

அவர் தலைக்குப் பின்னால் ஜன்னல். அதன் வழியே சித்தியின் செங்கல் ஜன்னல் நேராகத் தெரிந்தது. அதன் உள்ளே பல்பு எரிந்துகொண்டிருக்கும். குடைக்காரி அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

"சார், அவர் உண்மைன்னா அவரோட வரைபடமும் உண்மைதானே?"

"ஊரோட முதல் வரைபடம்மா அது."

"முதல் வரைபடத்துல இல்லாத கட்டடம் ஆக்கிரமிப்பு, இடிச்சிடணும்னு ஒரு விதி இருக்கு. பேட்ஜ் பரீட்சைக்குப் படிச்சேன். அவர் இந்தக் கட்டடத்தை வரையவே இல்ல சார்."

அதிகாரி பேனாவை மூடினார். தரையைப் பார்த்தார். காலை லேசாகத் தூக்கி வைத்துக்கொண்டார், அது தன்னுடைய தரை இல்லை என்பது போல.

"தப்பா விட்டுட்டார்," என்றார்.

"திருத்தச் சொல்லியும் திருத்தலையே சார்."

"சரித்திரத்தை மேலிடத்துக்கு அனுப்பியாச்சு. திரும்பி வாங்க முடியாது." அவர் எழுந்து ஜன்னலோரம் போய்ச் சித்தியின் ஜன்னலை நெடுநேரம் முறைத்தார். பிறகு முகம் தெளிந்தது. "என் மேசையிலிருந்து தெரியுற சின்னத்துக்குத்தான் நான் பொறுப்பு. தெரியாட்டி, அங்க கல்லு இருந்துச்சா இல்லையான்னு யாரும் என்னைக் கேக்க முடியாது." பேட்ஜை அவள் பக்கம் தள்ளினார். "உங்களுக்கு நல்ல கொத்தனார் யாரையாவது தெரியுமா?"

"திங்கட்கிழமை ஒருத்தர் வரார் சார்."

கொத்தனார் காலையில் சித்தியின் ஜன்னலிலிருந்து கல்லைப் பெயர்த்தார். மத்தியானம் அதே கல்லைத் தெருவைத் தாண்டித் தூக்கிப் போய் அதிகாரியின் ஜன்னலில் வைத்துப் பூசினார். "அன்னிக்கு ஜன்னலை அடைக்கும்போது உங்க வீட்டுக்காரரும் அந்த அதிகாரி மாதிரியேதான் முதுகைக் காட்டிட்டு உக்காந்திருந்தார்," என்று சித்தியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நடையில் குடைக்காரி அதே இடத்தில் நின்றாள். மேலே சித்தி பல்பு இல்லாமல் தைத்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் ஒருத்தர், "அந்த ஆபீஸ் ஜன்னலை ஏன் அடைச்சிருக்காங்க?" என்று கேட்டார்.

இனி பொய்யே வேண்டாம் என்று அவள் முடிவு செய்திருந்தாள். பீரோ, சித்தப்பா, அதிகாரி, கொத்தனார் என்று நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

கேட்டவர் கையைக் கட்டிக்கொண்டார். "காசு கொடுத்து வந்திருக்கோம். இப்படிக் கதை கட்டி விடாதீங்க."

"கிளி ஒண்ணு உண்டுன்னாங்களே, அது எங்க?" என்றது ஒரு குரல்.

குடைக்காரி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். உண்மை நாலே நிமிஷத்தில் முடிந்துவிட்டது. மணிக்கூண்டு இன்னும் பூட்டித்தான் கிடந்தது. ஏழு நிமிஷம் பாக்கி.

மேலே மிஷின் ஓசை நிற்கவில்லை. ஜன்னல் வழியே சித்தியின் குரல் மட்டும் வந்தது.

"கிளியைச் சொல்லிடுடி."