நடுக்கதவு

"முன்னாலயா, பின்னாலயா? சொல்லுப்பா, பாடைய எந்தப் பக்கம் கட்றது?"

பக்கத்து வீட்டு டைட்டஸ் மூன்றாவது முறையாகக் கேட்டார். ஹரிஷ்குமார் பூட்டிய நடுக்கதவையும் திறந்திருந்த பின்வாசலையும் மாறி மாறிப் பார்த்தான். இரண்டுக்கும் நடுவில், பெஞ்சில் அப்பா கிடந்தார்.

தங்கச் சுரங்கத்துக் குவார்ட்டர்ஸ் வீடு. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டே அறை. முன்னறை சித்தப்பா சிவகுமாருக்கு, பின்னறை அப்பா சம்பங்கிக்கு. எல்லோரும் முன்னறை வழியாகத்தான் தெருவுக்குப் போய்வந்தார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன் வீடு யாருக்கென்று அண்ணன் தம்பிக்குள் வாய்ச்சண்டை முற்றியது. சித்தப்பா தன் பக்கமிருந்து நடுக்கதவுக்குப் பூட்டுப் போட்டார். மறுநாளே அப்பா ஆத்திரத்தோடு பங்காருபேட்டைக்கு ரயிலேறி வக்கீலைப் பிடித்தார். தீர்ப்பு வரும்வரை எல்லாம் இருந்தது இருந்தபடியே இருக்கட்டும், ஸ்டேட்டஸ் கோ, என்று கோர்ட் சொன்னது. அப்பா லட்டு வாங்கிவந்தார். அன்றைக்கு இருந்தது பூட்டிய கதவு என்பது லட்டு தின்று முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

ஆனாலும் பெருமைக்குக் குறைச்சலில்லை. "இது இங்கிலீஷ் இல்லடா டைட்டஸ், லத்தீன். உங்க சர்ச்சு பழைய சாமியாருங்க பாஷை" என்பார். அதன்பிறகு ஓடு மாற்றவில்லை, வெள்ளையடிக்கவில்லை. ஓர் ஆணி அடிக்கக்கூட விடமாட்டார். தெருவுக்குப் போக பின்சந்துதான். ஓராள் அகலம். பாறைத்தூசி தின்ற நுரையீரலோடு அவர் சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் அதில் நடப்பார்.

"சந்துன்னா பாடைய ஒருக்களிச்சுத்தான் திருப்பணும்" என்றார் டைட்டஸ்.

"அதெல்லாம் கூடாது." அம்மா தாயம்மா தலைமாட்டிலிருந்து நிமிர்ந்தாள். "முப்பது வருஷம் கேஜ்ல சொரங்கத்துக்குள்ள எறங்கி, நின்னுக்கினே மேல வந்த மனுசன். மூட்டையாட்டம் சாய்ச்சு இஸ்துக்கினு போவாதீங்க."

ஹரிஷ் மறுபடியும் வக்கீலுக்குப் போன் செய்தான். அதே பதில். கதவைத் தொட்டால் கேஸ் கெட்டுவிடும். கேஸ் கெட்டால் அம்மாவுக்கு இந்த அறையும் இல்லை. போனை வைத்துவிட்டுப் பின்வாசலுக்குப் போனான், திரும்பி வந்தான், மறுபடி போனான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஊதியது. காலையிலிருந்து எட்டிப் பார்க்காத சித்தப்பாமேல் அவனுக்கு எரிச்சலாக வந்தது.

கடைசியில் நடுக்கதவைத் தட்டினான். ஒன்பது வருஷத்தில் முதல்முறை.

"சித்தப்பா."

"இன்னா?" குரல் கதவை ஒட்டியே வந்தது. அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார் போலிருக்கிறது.

"அப்பாவ எப்டி எடுத்துக்கினு போறது?"

"உன் வக்கீலு இன்னா சொல்றாரு?"

"தொடக்கூடாதுன்றாரு."

"என் வக்கீலும் அதாண்டா சொல்றாரு."

டைட்டஸ் மூங்கிலைக் கீழே போட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் சாவி உரசியது. திரும்பவில்லை. மறுபடி உரசியது.

"துருப் புட்ச்சிருச்சுடா" என்றார் சித்தப்பா, அழுகிற குரலில்.

"கோர்ட்டு ஆர்டர மீறுனா ரெண்டு பேர் கேஸும் போயிடும், சித்தப்பா."

"போனா போவட்டும். தள்ளி நில்லு."

சம்மட்டி மூன்று முறை விழுந்தது. நான்காவதில் பூட்டு தரையில் மோதி உருண்டது. கதவு திறந்தபோது சம்மட்டியும் கையுமாக நின்ற சித்தப்பா, அண்ணனைப் பார்த்தார். ஒன்பது வருஷத்தில் அப்பா எவ்வளவு இளைத்துவிட்டார் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. "இன்னாண்ணா இது" என்றார். தோள் குலுங்கியது.

அப்பா முன்வாசல் வழியாக, சாயாமல் போனார். முதல் தோள் சித்தப்பாவுடையது.

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது, ஹரிஷின் கால் பழக்கத்தில் சந்துக்குள் திரும்பியது. நாலடி போன பிறகுதான் நினைவு வந்தது. பின்னாலேயே சித்தப்பாவும் வந்துகொண்டிருந்தார்.

"முன்னாலதான் தொறந்து கீதே, சித்தப்பா."

"நீ நட."

அவர் அந்தச் சந்தில் கால் வைத்ததே இல்லை. வெள்ளையடிக்காத சுவரில், இடுப்புக்கு மேலே, உள்ளங்கை பட்டுப் பட்டுக் கறுத்த ஒரு கோடு பின்வாசல் வரை போயிற்று. சித்தப்பா நின்று அதைப் பார்த்தார். பிறகு அதன்மேல் கையை வைத்துக்கொண்டு மெதுவாக நடந்துவந்தார்.