வாத்துக்குக்கூட ஓர் எண்

…நீக்கியவை முதலில், திருத்தியவை அடுத்து, புதியவை கடைசியில், இந்த வரிசையில்தான் படிக்க வேண்டும் என்று எங்கள் டீம் லீடர் வருடா வருடம் தலைபாடாக அடித்துக்கொள்கிறார், நானோ வருடா வருடம் கடைசியிலிருந்துதான் தொடங்குகிறேன், ஆசை யாரை விட்டது. டாக்டர் எழுதிய நோயைப் படித்து அதற்குரிய எண்ணைப் போடுவது என் பிழைப்பு, வீட்டிலிருந்தே வேலை, அந்த எண்களின் பட்டியல் வருடத்துக்கு ஒருமுறை மாறும், மாறுகிற நாளில் மற்றவர்கள் எல்லாம் ஐயோ, இன்னும் எத்தனையைத்தான் மண்டையில் ஏற்றுவது என்று அலுத்துக்கொள்வார்கள், எனக்கு மட்டும் நெஞ்சு படபடக்கும், இந்த வருடமாவது வந்திருக்குமா… வாத்து கடித்தால் ஓர் எண் இருக்கிறது, வாத்து வந்து மோதினால் அதற்குத் தனியாக வேறோர் எண், வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன், இப்போது சிரிப்பு வருவதில்லை, வாத்துக்குக் கிடைத்த மரியாதை என் பெண்ணுக்குக் கிடைக்கவில்லையே.

வாலு இதோ, என் மேசைக்கு முன்னால் தரையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து மரக்கட்டைகளை அடுக்குகிறாள், ஆறு வயது, நடந்தால் தள்ளாடுகிறாள், இடது கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது, அதற்காக வாய்க்கு ஒன்றும் குறைச்சலில்லை. போன வருடம் ஏறிய மாடிப்படியை இந்த வருடம் அவளால் ஏற முடியவில்லை, ஏன்? எந்த டாக்டருக்கும் தெரியவில்லை, அவளுடைய காகிதங்களில் எல்லாம் ‘வகை குறிப்பிடப்படாதது’ என்பதற்கான எண்தான், அதை நான் வேலையில் கொஞ்சம் அதிகமாகப் போட்டாலே சோம்பேறி என்று திட்டு விழும். ஒரு பெயர் கிடைத்தால் போதும், பெயர் இருந்தால் மருந்து தேடலாம், அதே பெயரோடு இன்னொரு அம்மா எங்கேயாவது இருப்பாள், உங்க பொண்ணு கரண்டி பிடிக்கிறாளா, எப்படிப் பழக்குனீங்க என்று அவளிடம் கேட்கலாம்… வேறொரு நோய்க்காரர்களின் குழுவில் ஒட்டிக்கொள்ளப் பார்த்தேன், அதை நடத்துகிற பெண் தன்மையாகத்தான் சொன்னாள், “தப்பா நெனைக்காதீங்க அக்கா, பாப்பாவுக்கு என்னன்னு தெரிஞ்சதும் அதுக்குன்னு இருக்குற குழுவுல சேர்ந்துக்கோங்க, இங்க இருந்தா உங்களுக்குத்தான் மனசு கஷ்டம்” என்று, தெரிந்தால் நான் ஏன் தாயே உன் வாசலுக்கு வரப்போகிறேன். இவரோ, “பேரு தெரிஞ்சா மட்டும் நாளைக்கே ஓடிருவாளா? இருக்கறவளப் பாருடி” என்கிறார், பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு.

நரம்பு நோய்கள் பகுதியில் என் விரல் நின்றுவிட்டது. புதிதாக ஒன்று, வாயில் நுழையாத பெயர், அவசர அவசரமாக அது என்ன நோய் என்று தேடினேன்… சின்ன வயதில் தொடங்கும், நடை தள்ளாடும், ஆமாம், ஒரு கை மட்டும் நடுங்கும், ஆமாம் ஆமாம், பேச்சு குழறும், கடவுளே… கூடவே காது மெல்ல மெல்லக் கேட்காமல் போகும். காதா? வாலுவுக்குப் பாம்புக் காதாயிற்றே, அடுத்த அறையில் சாக்லேட் உறையைப் பிரித்தால் இங்கிருந்தே பங்கு கேட்பாளே… ஆனால் முந்தாநாள் சாப்பிடக் கூப்பிட்டபோது தொண்டை வறளக் கத்த வேண்டியிருந்ததே, அது விளையாட்டு மும்முரமா, இல்லை வேறு ஏதாவதா? டாக்டர் எழுதாததை நாம் எழுதக் கூடாது, இந்த வேலையில் முதல் நாள் சொல்லித்தருகிற பாடமே அதுதான், நான் ஒன்றும் எழுதப் போவதில்லை, சும்மா கூப்பிட்டுப் பார்க்கப் போகிறேன், அவ்வளவுதான்.

“வாலு.” மெதுவாகத்தான் கூப்பிட்டேன். அவள் கட்டைமேல் கட்டை வைத்தாள். “வாலு, சாக்லேட் வேணுமா?” திரும்பவில்லை, சாக்லேட்டுக்குமா திரும்பவில்லை? நடுங்குகிற கையால் இன்னொரு கட்டையை எடுத்தாள்… டாக்டர் நிமிர்ந்து பார்த்து “ஓ, இதுவா” என்பார், அந்த ஒரு ‘ஓ, இதுவா’வுக்கு எவ்வளவு ஏங்கியிருக்கிறேன், யாரோ ஓர் அம்மா போனில் “எங்க பையனும் இப்படித்தாங்க” என்பாள், விடிய விடியப் பேசுவோம், உடம்பெல்லாம் லேசாகிவிட்டது, திரும்பாதே கண்ணு, திரும்பாதே… அவளுடைய தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்க மாட்டாமல் திரும்பினாள், “ஏமாந்தியா! கேக்காத மாதிரி நடிச்சேனே! எங்க சாக்லேட்?”

அடுத்த அறையிலிருந்து இவர், “என்ன, இந்த வருஷமாவது ஏதாவது வந்துருக்கா?” என்றார். இல்லை என்றேன், குரல் கம்மிவிட்டது, எதற்குக் கம்ம வேண்டும்? காது நன்றாகக் கேட்கிறதே, குதிக்க வேண்டாமா நான்? அவள் திரும்பியதும் எனக்கு முதலில் வந்தது ஏமாற்றம், பெற்ற பிள்ளைக்குக் காது கேட்கிறதே என்கிற ஏமாற்றம், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது… சாக்லேட் வேறு வீட்டில் இல்லை, “பொய்யி, பொய்யி” என்று பழிப்புக் காட்டினாள், பிறகு என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாளோ, மறுபடியும் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, “சரி, அழாத, இன்னொரு தடவ கூப்பிடு, இப்ப உடனே திரும்புறேன்” என்றாள். கழுத்தை நிமிர்த்திக் காத்திருக்கிறாள், எனக்குக் கூப்பிட வாய் வரவில்லை.