காக் சோமின் கருவண்டுகள்

1
இந்தக் கதை பிறந்த விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். இன்று ஞாயிறு. எங்கள் தெருவில் கோத்தோங்-ரோயோங்*, எல்லாரும் சேர்ந்து கால்வாய் சுத்தம் செய்யும் நாள். தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். சும்மா இருக்கக் கூச்சமாக இருந்ததால் எழுதுகிறேன்.

(*உதவி கேட்காதவருக்கும் உதவி செய்துவிடுவார்கள். தப்பிக்க முடியாது.)

2
முதல் வரி: 'ரோஜாக்களுக்கு நடுவே காக் சோம்…'

வேண்டாம். ரோஜா என்றாலே அவருக்கு இளக்காரம்.

காக் சோம் எதிர்வீட்டு அக்கா. ரப்பர் தோட்ட ஓரத்தில் தானாக முளைத்த செண்டுடுக் செடிகளைப் பெயர்த்து வந்து வாசல் முழுக்க வளர்த்தார். ஊதாப் பூ, தின்றால் வாய் கறுத்துப்போகும் பழம். பார்ப்பவர்களுக்கு வெறும் புதர். கட்டைவிரல் பருமனில் கருவண்டுகள் வந்து பூவை உலுக்கி மகரந்தம் எடுக்கும்.

மகள் பிரசவத்துக்காகக் குவாந்தான் போனவர் நேற்று போனில் கேட்டார்.

"வண்டு வருதா தம்பி?"

"வருது காக். பேரன் எப்படி இருக்கான்?"

"அவனுக்கென்ன, தூங்கறான். பாக் டோலா வீட்டு மர்கிசாப் பழக்கொடி காய்க்கிறதே என் வண்டாலதான். அவர்கிட்ட சொல்லிடாதே. ரோஷத்துல நமக்குப் பழம் குடுக்கிறதை நிறுத்திடுவார்!"

சொல்லவில்லை. என் கெட்ட நேரம்.

3
கதைக்கு வில்லன் வேண்டுமே என்று பாக் டோலாவை முயன்று பார்த்தேன். 'கொடூரமான கண்களுடன் பாக் டோ…' [அடித்துவிட்டேன். தெருவுக்கே பழம் கொடுக்கும் பெரியவர்.]

இதோ, கீழேயிருந்து அவரே கூப்பிடுகிறார்.

"ஓய் எழுத்தாளரே! தலைவலி போச்சா? கால்வாய் முடிஞ்சுது. சோம் நாளைக்குப் பேரனோட வர்றா. அவ வாசல்ல மண்டிக் கிடக்கிற காட்டையும் வெட்டிட்டா பாம்பு பயம் இருக்காது. பாத்ததும் அழுதுடுவா பாரேன்!"

அழுவார். அதில் சந்தேகமே இல்லை.

4
ஒரு முடிவு: ஓடிப்போய்த் தடுக்கிறேன். தலைவலி பொய் என்று தெருவுக்கே தெரிந்துவிடுகிறது. வருஷம் முழுக்கக் கேலி செய்வார்கள்.

இன்னொன்று: வெட்டிவிடுகிறார்கள். அடிக்கட்டை மழைக்குத் துளிர்க்கும். பூக்கும்வரை வண்டுகள்

[இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.]

புல்வெட்டி மெஷினைக் கயிறு இழுத்துக் கிளப்பிவிட்டார்கள். எதிர்வீட்டு வாசலில். ஜன்னலில் நின்று கத்திப் பார்த்தேன். அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? நன்றி சொல்கிறேன் என்று நினைத்துப் பாக் டோலா சந்தோஷமாகக் கையை ஆட்டுகிறார்.

வாசகரே, செருப்பைத் தேடக்கூட நேரமில்லை, நான் போகிறேன். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் மாடிப்படிகளை மட்டும் கொஞ்சம் குறைத்து எழுதுங்கள்.