கடலலைக் கழகத்தின் கடைசிப் பந்து

கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ரூ பஜோல் தெருக் கோயில் பிள்ளையார் தேரேறி வருகிற நாளில், உடைக்கக் குவித்த தேங்காய்களுக்கு முன்னால் நிறுத்தி வைத்துக் கேட்டாலும் இதே கதைதான் வரும். அப்படியும் நம்பாதவர்கள் ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவின் வடகோடியில் இருக்கும் ஸ்ரீஸ்கந்தராசாவின் மீன்கடைக்குப் போய்ப் பார்க்கட்டும். ஐஸ்பெட்டிக்கு மேலே, சாமிப்படங்களுக்குப் பக்கத்தில், பாதி வெற்றிக்கிண்ணம் ஒன்று சுவரில் சாய்ந்து நிற்கும். அதற்கு ஒரு கைப்பிடிதான் உண்டு. சாய்க்காவிட்டால் விழுந்துவிடும்.

அது முழுக் கிண்ணமாக இருந்த காலத்தில் கடலலை விளையாட்டுக் கழகத்துக்குத் தவரத்தினம் என்று ஒரு ரசிகர் இருந்தார். கடலலை என்றால் லா சப்பல் பகுதித் தமிழ்ப் பொடியன்கள் சேர்ந்து தொடங்கிய கரப்பந்து, அதாவது வொலிபோல், கழகம். பொடியன்கள் என்றது தொடங்கிய காலத்துக் கணக்கு. பிறகு அவர்களுக்கும் தொந்தி வைத்து, முழங்கால் தேய்ந்துவிட்டது. தவரத்தினம் கார் து நோர் ரயில்நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரஸ்ரி உணவகத்தில் கோப்பை கழுவப் போய், பிறகு அடுப்படிக்கு ஏறியவர். புறநகரான லா கூர்னெவில் ஓர் அறை. மனைவி மக்கள் என்று யாரும் வந்து சேரவில்லை. இந்தப் பிரெஞ்சு நகரத்தில் அவர் 'எங்கட' என்று சொல்லிக்கொள்ள இருந்தது கடலலை ஒன்றுதான்.

திங்கட்கிழமை அவருக்கு ஓய்வு. கோசலையின் தேநீர்க்கடையில் சுவரோர மேசையில் உட்கார்ந்து, முதல்நாள் ஆட்டத்தை எடுத்து விடுவார். ஆடியவர்களும் வந்து சுற்றிவர இருந்து கேட்பார்கள். தாங்கள் எவ்வளவு நன்றாக ஆடினோம் என்பது அவர்களுக்கே திங்கட்கிழமைதான் தெரியவரும்.

"அண்ணை, நான் அந்தப் பந்தை விழுந்து எடுத்தனானோ?" என்று கேட்பான் ஒருவன்.

"விழுந்தனியோ? நீ பறந்தனியடாப்பா. கீழை வரேக்கை புல்லிலை இருந்த புறா உனக்கு இடம்விட்டு விலகினது."

அவனும் ஓம் என்று தலையாட்டுவான். வீட்டுக்குப் போய் மனைவியிடமும் புறாவைச் சொல்லுவான்.

தவரத்தினத்தின் மிக நல்ல நினைவும் மிகக் கெட்ட நினைவும் இந்தக் கழகத்தைப் பற்றியவைதான். நல்லதை முதலில் சொல்லிவிடலாம். அதில்தான் நஞ்சும் இருந்தது.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டுக் கோடை. மே மாதம் ஊரில் போரோடு எல்லாம் முடிந்திருந்தது. வருடாந்தச் சுற்றுப்போட்டியை நடத்துவதா விடுவதா என்று கழகத்துக்குள் பெரிய இழுபறி.

"செத்தவீட்டிலை பந்து அடிக்கிறதோ?" என்றார் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா.

"அடிக்காமல் விட்டால் ஆர் எழும்பி வரப்போகினம்?" என்றான் அணித்தலைவன் வின்சன்ற். அவனுடைய தமையன் குடும்பத்தைப் பற்றி அதுவரை ஒரு தகவலும் இல்லை. அதனால் அவனை யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

நடத்துவது என்று முடிவாயிற்று. மேளம் இல்லை, பாட்டு இல்லை, வீடியோ பிடிக்கக்கூடாது, முதலில் ஒரு நிமிட மௌன அஞ்சலி. லா கூர்னெவ் பூங்காவில் ஆயிரம் பேர் தலைகுனிந்து நின்றார்கள். நிமிடம் முடிந்தது. ஆனால் முதலாவதாகத் தலையை நிமிர்த்த யாருக்கும் துணிவு வரவில்லை. நிமிர்ந்தவனை ஆயுள் முழுக்கத் துரோகி என்று சொல்லிவிடுவார்கள் அல்லவா. விசில் நடுவரின் வாயில் இருந்தது, அவரும் தமிழர். ஊதவில்லை. வெயில் ஏறியது. கொத்துரொட்டிக் கடையில் ரொட்டி கருகியது. ரொட்டிக்காரரும் குனிந்தபடியே கருகவிட்டார். நாயோடு நடக்க வந்த வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி தானும் குனிந்து, இவர்கள் எதைத் தொலைத்தார்கள் என்று புல்லுக்குள் தேடத் தொடங்கினாள். லு பூர்ஜே விமான நிலையத்தில் இருந்து ஒரு சின்ன விமானம் தலைக்கு மேல் இரைந்துகொண்டு போனபோது ஆயிரம் பேரும் ஒன்றாக அண்ணாந்து பார்த்தார்கள். அப்படித்தான் அந்த மௌனம் முடிந்தது.

இறுதியாட்டம் கிரேத்தைப் புறநகர்த் தமிழ் அணியோடு. கடலலை வென்றது. வென்றவர்கள் கத்தவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. கிண்ணத்தை மீன்பெட்டிக்குள் வைத்து மூடி எடுத்துப் போனார்கள். இரண்டு அணியும் ஒரேமாதிரித் தலைகுனிந்து வெளியேறின. வழியில் கண்டவர்களுக்கு வென்றது யார் என்று தெரிந்திருக்காது.

"அதைப்போல ஒரு ஆட்டம் இனி இல்லை," என்று தவரத்தினம் திங்கட்கிழமைகளில் சொல்லுவார். கடைசிப் பந்தைச் சொல்லும்போது மட்டும், மேசையில் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுவார். வின்சன்ற் இருந்தால், வின்சன்ற் எழும்பி அடித்த அடியில் பந்து நிலத்தில் பட்டுச் சப்பளிந்துபோய், காற்று அடித்துத்தான் திரும்ப எடுத்தார்கள். ஸ்ரீஸ்கந்தராசா இருந்தால், எதிராளி அடித்ததை அவர் வலைக்கு மேலே இரண்டு கையையும் விரித்து மறிக்க, பந்து அடித்தவனின் நெஞ்சிலேயே போய் விழுந்தது. இருவரும் ஒன்றாக வரும் நாட்களில் தவரத்தினம் வேறு ஆட்டங்களைச் சொன்னார்.

மூன்று வருடம் கழித்து வின்சன்றுக்கு ஓர் ஆசை பிடித்தது. தமிழரோடு தமிழர் ஆடி என்ன கண்டோம், பிரெஞ்சுக்காரரின் மாவட்ட லீக்கில் பதிவோம் என்றான். பதிந்தார்கள். முதல் ஆட்டம் தபால்காரர் அணியோடு, உள்ளரங்கில், பலகைத் தரையில். நடுவர் ஜிஸ்லேன் என்ற மெலிந்த பெண்.

ஊரிலே நாங்கள் ஆடும் கரப்பந்தில் ஒருவருக்கு ஓர் இடம். முன்னுக்கு நிற்பவன் முன்னுக்குத்தான், மூலையில் நிற்பவன் மூலையில்தான். தகப்பன் நின்ற மூலையில் மகன் வந்து நின்ற வீடுகளும் உண்டு. லீக்கில் அப்படியில்லை. பந்து போடும் முறை கைக்கு வந்ததும் ஆறு பேரும் ஆளுக்கு ஓர் இடம் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் புள்ளி எதிராளிக்கு.

ஸ்ரீஸ்கந்தராசா தன் வலது முன்மூலையில் நின்றார். ஜிஸ்லேன் விசில் அடித்துக் கையால் வட்டம் போட்டுக் காட்டினாள். அவர் அசையவில்லை.

"சுத்துங்கோ அண்ணை," என்றான் வின்சன்ற்.

"சுத்தமாட்டன்."

"விதி அண்ணை இது."

"ஊரிலை ஆமி நகரச் சொன்னது, நகர்ந்தன். இஞ்சை விசாவுக்குப் பிரெபெக்சர் கந்தோரிலை அந்த யன்னலுக்குப் போ, இந்த யன்னலுக்குப் போ எண்டவங்கள், போனன். பந்தடிக்கிற இடத்திலையும் நகரச் சொல்லுறியோ? நான் நிண்ட இடத்திலைதான் நிப்பன்."

தபால்காரர்கள் நல்ல மனிதர்கள். இவர்கள் படும் பாட்டைப் பார்த்து வெட்கப்பட்டு, வேண்டுமென்றே பந்தை வெளியே போட்டுப் புள்ளி விட்டுக்கொடுத்தார்கள். புள்ளி வந்தால் சுற்ற வேண்டும். ஸ்ரீஸ்கந்தராசா சுற்றவில்லை, அடுத்த புள்ளி போயிற்று. அவர்கள் இரங்க இரங்கக் கடலலைக்குத் தோல்வி கிட்ட வந்தது. முடிவில் ஒருவருடைய சட்டையும் நனையவில்லை. மடித்து அப்படியே பெட்டியில் வைத்தார்கள்.

அந்த வாரமே கழகம் இரண்டாயிற்று. ஸ்ரீஸ்கந்தராசாவினது 'கடலலை – தாய்க்கழகம்'. வின்சன்றினது வெறும் கடலலை. ஒன்று சுற்றும், மற்றது சுற்றாது. வின்சன்ற் வீட்டில் மீன் சீனன் கடையில் வாங்கத் தொடங்கினார்கள். தாய்க்கழகத்துக்காரர் வின்சன்றின் மகள் தேவாலயத்தில் முதல்நன்மை எடுத்த விருந்துக்குப் போகவில்லை. தவரத்தினம் இரண்டு பக்கமும் போய், இரண்டு பக்கமும் சாப்பிட்டு, "ஒரு கழகம்தானே, கொஞ்சம் விலத்தி நிக்கிறம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவருக்குச் சண்டையில் அக்கறையில்லை. 'எங்கட' என்று சொல்ல ஒன்றுதான் வேண்டும். இரண்டை வைத்து அந்தச் சொல்லைச் சொல்ல வராது.

ஒன்பதாம் ஆண்டுக் கிண்ணம் யாருக்கு என்ற வழக்கு வந்தது. கடைசிப் பந்தில் புள்ளி எடுத்தவனின் கழகத்துக்கே என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டன. படமில்லை, வீடியோவில்லை. அன்றைய நடுவர் லண்டன் போய்ச் சேர்ந்து, மாரடைப்பில் இறந்துவிட்டார். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருந்த மடுத்தீன், லா கூர்னெவில் இரும்புப் பட்டறை வேலைக்காரர், "நான் அண்டைக்கு அழுதுகொண்டு நிண்டனான், ஒண்டும் தெரியாது" என்றுவிட்டார்.

"அப்ப தவரத்தினம் அண்ணை சொல்லட்டும்," என்றான் வின்சன்ற்.

"அவர் சொன்னால் நான் கேப்பன்," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. இருவருக்கும் நல்ல நம்பிக்கை. தங்கள் தங்கள் பதிலை இருவருமே அவர் வாயால் பலமுறை கேட்டிருந்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை கோசலையின் கடையில் கால் வைக்க இடமில்லை. கிண்ணத்தை மேசை நடுவில் வைத்தார்கள். தவரத்தினம் முழுகி, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். தேநீரை ஆற்றி ஆற்றி, குடிக்காமல் வைத்தார். அடித்தது வின்சன்ற் என்றால் பாதிச் சனம் எழும்பிப் போகும். மறித்தது ஸ்ரீஸ்கந்தராசா என்றால் மற்றப் பாதி போகும். இரண்டு பாதியும் இருந்தால்தான் அது கடலலை.

"சொல்லுங்கோ அண்ணை. ஆர் எடுத்தது?"

"ஒருத்தரும் எடுக்கேல்லை," என்றார் தவரத்தினம்.

"என்ன?"

"கிரேத்தைப் பொடியன் அடிச்சது வெளியிலை போனது. வின்சன்ற் தொடேல்லை. ஸ்ரீஸ்கந்தராசா தொடேல்லை. அவன் பிழைவிட்டான், நாங்கள் வெண்டம். எல்லாரும் சேர்ந்துதான் வெண்டம். கப் எல்லாருக்கும்."



"அப்ப நாங்கள் வெல்லேல்லை, அவங்கள் தோத்தவங்கள். அப்பிடியோ?" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

"எங்கடை ஒரே கப்பையும் பிச்சையாக்கிப்போட்டார் மனுசன்," என்றான் வின்சன்ற். பிறகு ஸ்ரீஸ்கந்தராசாவைப் பார்த்து, "கேட்டியளோ அண்ணை, உவற்றை கதையை?"

"கேட்டன் தம்பி."

பிரிந்ததற்குப் பிறகு அவர்கள் ஒருவரோடொருவர் பேசியது அதுதான் முதல் தடவை. தவரத்தினம் அவர்களைச் சேர்த்துவைத்தார் என்று சொல்லலாம். கால் மணித்தியாலம் சேர்ந்து நின்று அவரை ஏசினார்கள். கிரேத்தைக்காரரிடம் காசு வாங்கினவர் என்றார் ஒருவர். தொடக்கத்திலிருந்தே மற்றப் பக்கத்து ஆள் என்று இரண்டு பக்கமும் சொல்லின. ஏச்சு முடிந்ததும் கிண்ணத்தை மடுத்தீனின் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். அவர் மேலிருந்து கீழ்வரை, ஒரு மயிரிழை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகாமல், சரிபாதியாக அறுத்தார். உள்ளே பார்த்தால் அது வெள்ளிப்பூச்சுப் பூசிய பிளாஸ்ரிக்.

பிறகு வந்த திங்கட்கிழமைகளில் தவரத்தினம் வழமைபோல வந்தார். தேநீர் வந்தது, ஆட்கள் வரவில்லை. முதல்நாள் ஆட்டத்தைப் பற்றி யாரும் அவர் காதில் விழப் பேசவில்லை. அவரும் ஒன்றும் எடுத்து விடவில்லை. மிகக் கெட்ட நினைவு எது என்று கேட்டால் அவர் தபால்காரர்களைச் சொல்லமாட்டார். அந்த மேசையைத்தான் சொல்லுவார்.

ஒருநாள் கோசலை மேசையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "அண்ணை, கேக்கிறன் எண்டு குறை நினையாதையுங்கோ. பைனல் அண்டைக்கு நீங்கள் எந்தப் பக்கம் நிண்டனீங்கள்? வின்சன்றின்ரை ஆக்கள் சொல்லினம், நீங்கள் மீன்கடை ஆக்களோடை நிண்டனீங்களாம். மீன்கடை ஆக்கள் சொல்லினம், நீங்கள் வின்சன்றின்ரை ஆக்களோடையாம்."

"நாலு பக்கமும் சனம் பிள்ளை," என்றார் தவரத்தினம். "அண்டைக்கு நல்ல வெயில்."

சுற்றும் கழகம் ஆளில்லாமல் நின்றது. சுற்றாத கழகம் அடுத்த வருடம் நின்றது. அதற்கும் அடுத்த வருடம் தவரத்தினம் பென்சன் எடுத்தார்.

கடலலை ஆடியதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில். பிரஸ்ரியில் சேர்ந்த நாள் முதல் பென்சன் எடுத்த நாள் வரை தவரத்தினத்துக்கு ஒரு ஞாயிறும் லீவு கிடைத்ததில்லை.