ஆறு முழத்துக்கு ஒரு முடிச்சு

அறுப்புக்காரர் மூன்றாவது தேநீரையும் குடித்து முடித்துவிட்டார். அவருடைய மெஷின் வாள் வாசற்படியில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. உள்ளே தம்பி வெகுநேரமாகச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஆணியில் அப்பாவின் கயிறு தொங்கியது.

"மழைக்கு இன்னும் ஒரு வாரந்தான்டா," என்றாள் அக்கா. "அதுக்குள்ள ஆரம்பிச்சாகணும். மூணுல ரெண்டு மரத்தை எடுத்தாத்தான் கீழ வெளிச்சம் விழும். நீ சரின்னு சொல்லாம நான் ஒரு கிளையைக்கூடத் தொட மாட்டேன்."

சரி என்று சொன்னால் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு போய்விடும்.

அந்தச் சரிவு ஒரு காலத்தில் பெருங்காடு, குடும்பச் சொத்து. பதினோரு வருடத்தில் அப்பா அதை வெட்டி விற்று மொட்டையடித்தார். பிறகு ஊற்று வற்றியது. ஒரு மழையில் மண் சரிந்து மரக்கிடங்கையே வாரிக்கொண்டு போனது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆறு முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றை அவர் ஒரு முனையிலும் தம்பி மறுமுனையிலும் பிடிக்க, முடிச்சுக்கு ஒன்றாக ஊசியிலைக் கன்று நட்டார்கள். நட்டு முடிக்க நான்கு வருடம் ஆனது. சாகக் கிடந்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இனிமே அங்க வாள் சத்தம் கேக்கக் கூடாது." இருபத்திரண்டு வருடமாகத் தம்பி விறகுக்குக்கூட ஒருவரையும் உள்ளே விட்டதில்லை. ஊரில் அவனுக்குப் 'பூட்டு' என்றே பெயர்.

"வா, ஒரு இடம் காட்டறேன். பாத்துட்டு வேண்டாம்னு சொல்லு."

காட்டுக்குள் நட்டநடுப் பகலிலும் விளக்கு வேண்டியிருந்தது. மரங்கள் தொடையளவுகூடப் பருக்காமல், வெளிச்சத்துக்கு எக்கி எக்கி நெட்டையாகப் போயிருந்தன. கீழே காய்ந்த ஊசிகள்தான், பேருக்கு ஒரு புல் இல்லை. பறவைச் சத்தமும் இல்லை. இந்த அமைதியைத்தான் அவன் இத்தனை நாளும் காட்டின் நிம்மதி என்று நினைத்திருந்தான்.

போன காற்றில் மூன்று மரங்கள் சாய்ந்த இடத்தில் அக்கா நின்றாள். அங்கே வட்டமாக வெயில் விழுந்திருந்தது. அந்த வட்டத்துக்குள் முழங்கால் உயரத்தில் அகன்ற இலைச் செடிகள். அந்த இலையை அவன் கடைசியாகப் பார்த்தது அப்பாவின் லாரியில், பழைய பெருங்காட்டின் அடிமரத்தோடு போகும்போது.

"நீ நட்டியா?"

"யாரும் நடல. எங்கிருந்தோ பறவை கொண்டாந்து போட்டது. இங்க மட்டும் வெயில் இருந்துது, பொழைச்சுது."

அவன் குந்தி உட்கார்ந்தான். ஓர் இலையை விரலில் தாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அப்பா நட்டது தப்பா?" என்றான் கடைசியில்.

"நட்டது தப்பில்லடா. ஆறு முழம்ங்கறது மரக்கடைக் கணக்கு. நெருக்கி நட்டு, நடுநடுவுல கழிச்சு எடுக்கணும். நமக்கு அந்தக் கணக்குதான் தெரியும், நட்டோம். கழிக்கிற நேரத்துல சத்தியம் பண்ணிட்டு உக்காந்துட்டோம்."

"அவருக்குத் தெரியாததா?"

"வெட்டினதை நினைச்சு நினைச்சே செத்தவரு. அதுக்கு மேல என்ன ஞாபகம் இருந்திருக்கும்?"

வீட்டுக்கு வந்ததும் தம்பி ஆணியிலிருந்து கயிற்றை எடுத்தான். வாசற்படியில் உட்கார்ந்து முதல் முடிச்சில் நகத்தைக் கொடுத்தான்.

"என்ன பூட்டு, தொறந்துக்கிச்சா?" என்றார் அறுப்புக்காரர்.

"செடிங்க மேல விழாம மரத்தை இழுத்துச் சாய்க்கணும்ல."

"அதுக்கு எங்கிட்டயே கயிறு இருக்கே."

"இது போதும்."

அவர் வாங்கி, முறுக்கி இழுத்துப் பார்த்தார். "கெட்டியாத்தான் இருக்கு. ஆனா முடிச்சோட இழுத்தா அங்கதான் அறும். கத்தியால வெட்டி எறிஞ்சிட வேண்டியதுதானே?"

"வேணாம்ணே."

முடிச்சுகள் எலும்பாய் இறுகிப் போயிருந்தன. கொஞ்ச நேரத்தில் அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து மறுமுனையை எடுத்துக்கொண்டாள். அறுப்புக்காரர் நான்காவது தேநீர் கேட்டார்.

வெயில் தாழும் நேரத்தில், அந்த வெயில் வட்டத்தின் ஓரத்தில், வெட்டப்போகும் முதல் மரத்தின் உச்சிக்கருகே கயிற்றின் ஒரு முனை கட்டப்பட்டது. மறுமுனையைத் தம்பியே பிடித்துக்கொண்டான். வாள் சத்தம் எழுந்தது. காதைப் பொத்திக்கொள்ள அவனுக்குக் கை இல்லை, இரண்டும் கயிற்றில் இருந்தன.